கூடிப் பயிலும் கவிதை

பாடங் கேட்கும் முறையைக் கூறப் புகுந்த பவணந்தியார், ஆசிரியர் உரைத்ததனை மாணாக்கன் குறைவறக் கொண்டானாயினும் அவன் பெறுவது புலமையின் காற்பங்கே என்கின்றார். உடன் பயில்வாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் அவனை வந்தடையும் என்பது நன்னூல் தரும் கணக்கு. இந்நூற்பாவை யாம் பல்லாண்டுகளாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். தேர்வில் வினாவாகவும் வைத்துள்ளோம். ஆயினும் எம் வகுப்பறையில் முதற் காற்பங்கினுக்கு அல்லது ஏனைய முக்காற் பங்கினுக்கு யாம் இடமளித்ததில்லை என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மரபுச் செய்யுட்களைக் கற்பிக்குங்கால் இக்குறை வெளிப்படவில்லை. திணை, துறை, சொற்பொருள், பொழிப்பு, இலக்கணக் குறிப்பு என வரிசையாகச் சொல்லுதற்குப் பல இருந்தமையின், ஆசிரியர் ஒருவரே ஒரு மணி நேரமும் பேசுதல் இயல்பாகத் தோன்றிற்று. ஒப்பிலக்கியத் தாளின்பொருட்டு மேலைநாட்டு நவீனத்துவக் கவிதைகளைக் கற்பிக்க நேர்ந்தபோதே அக்குறை எமக்குப் புலனாயிற்று.

நவீனத்துவக் கவிதை என்று ஈண்டு யாம் குறிப்பது, இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் பவுண்ட், எலியட், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், கம்மிங்ஸ் முதலானோர் ஆங்கிலத்தில் இயற்றிய பாடல்களை. இவற்றுட் பலவற்றுக்கு இன்னது பாடுபொருள், இன்னார் கூற்று என்று முன்னரே வரையறுத்த சட்டகம் இல்லை. ஆகலின் ஆசிரியர் ஒரு பொருளைச் சொல்லிவிடின் மாணாக்கர்க்கு அதுவே பாடலாகிவிடுகின்றது. பாடல் மறைந்து குறிப்பேடு மட்டும் எஞ்சுகின்றது. இந்நிலையை மாற்றுதற்கு எம் துறையில் முதுகலை மாணாக்கர் ஒன்பதின்மரோடு வாரந்தோறும் ஒரு பாடலைக் கூடியிருந்து, சொற்சொல்லாக அணுகிப் படிக்கும் முறையினை மேற்கொண்டோம். அம்முறையின் வரலாற்றையும், அதனால் எமக்கு நேர்ந்த ஒரு படிப்பினையையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சொற்களை அணுகி நின்று படிக்கும் இம்முறை, ஒருவர் தம் அறையில் தனித்திருந்து கண்டதன்று. 1927-இல் லாரா ரைடிங், ராபர்ட் கிரேவ்ஸ் என்னும் இருவர் சேர்ந்து நவீனத்துவக் கவிதையைப் பற்றி ஒரு நூல் எழுதினர். அதில் ஓர் இயலில் கம்மிங்ஸையும் ஷேக்ஸ்பியரையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தனர். ஷேக்ஸ்பியரின் 129-ஆம் பதினான்கடிப் பா 1609-ஆம் ஆண்டுப் பதிப்பில் எவ்வாறு அச்சாகியிருந்தது, பிற்காலப் பதிப்பாசிரியர்கள் நிறுத்தக்குறிகளையும் எழுத்துக்கூட்டலையும் மாற்றியதனால் அதன் பொருள் எவ்வாறு சுருங்கிற்று என்று காட்டினர். பாடவேறுபாடு நோக்கிப் பழகிய நம்மவர்க்கு இது புதிதன்று. ஒரு காற்புள்ளியின் இடமாற்றம் பொருளை மாற்றும் என்பதனை ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் நன்கறிவர். புதியது யாதெனின், கம்மிங்ஸின் பாடலைப் புரியாப் புதிர் என்று இகழ்ந்தாரை நோக்கி, நீவிர் போற்றும் பழம்புலவரும் இத்துணை அணுகிப் படித்தற்கு உரியவரே என அவர்கள் விடுத்த அறைகூவலே.

அந்நூலைக் கையிற் கொண்டு கேம்பிரிட்ஜில் தம் ஆசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸிடம் சென்றவர் வில்லியம் எம்ப்சன். அவ்வாறே ஏனைப் பாடல்களையும் ஆராயலாம் என்று அவர் கூற, ஆசிரியர் செய்து வருமாறு விடுத்தார். 1930-இல் வெளிவந்த எம்ப்சனின் எழுவகைப் பொருண்மயக்கம் பற்றிய நூல் அம்முயற்சியின் பயன். அதற்கு ஓராண்டு முன்னர், 1929-இல், ரிச்சர்ட்ஸ் தாம் வகுப்பில் நிகழ்த்திய சோதனையை நூலாக வெளியிட்டார். பதின்மூன்று பாடல்களை ஆசிரியர் பெயரின்றி மாணாக்கர்க்கு வழங்கி, அவர்கள் தனித்தனியே எழுதித் தந்த கருத்துரைகளைத் தொகுத்து ஆராய்ந்தமை யாவரும் அறிந்ததே. டன்னின் பாடலும் ஹாப்கின்ஸின் பாடலும் இன்று பலர் பெயரும் அறியாதார் சிலர் பாடல்களோடு அதில் கலந்திருந்தன. பெயர் என்னும் துணை நீங்கியதும் பயிற்சி மிக்க மாணாக்கரும் தடுமாறினர். வெளிப்படைப் பொருளையே பிறழக் கொண்டாரும், தம் வாழ்க்கை நினைவுகளைப் பாடலிற் புகுத்தினாரும், முன்னரே தம்மிடம் இருந்த உணர்ச்சியைப் பாடல் தந்ததாக மயங்கினாரும் பலர்.

ரிச்சர்ட்ஸின் நூலை யாம் பெரிதும் மதிக்கின்றோம். பொருள், உணர்வு, தொனி, நோக்கம் என அவர் வகுத்த நால்வகை இன்றும் பயன்படுவது. ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். அவர்தம் மாணாக்கர் பிறழ்ந்தமை உண்மை; அப்பிறழ்ச்சியைத் திருத்திக்கொள்ள ஒருவர்க்கொருவர் உதவும் வாய்ப்பினை அச்சோதனை அவர்கட்கு அளிக்கவில்லை என்பதும் உண்மை. தனித்தனியே எழுதினர், ஆசிரியர் தொகுத்து, வகைப்படுத்தி, மேடையிலிருந்து தீர்ப்புரைத்தார். ஒருவர் வெளிப்படைப் பொருளைத் தவறவிட்ட இடத்தில் அடுத்திருந்தவர் அதனைச் சரியாகக் கண்டிருத்தல் கூடும். அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்னும் வினா அந்நூலில் எழவேயில்லை.

அமெரிக்க நாட்டில் இதற்கு வேறொரு தொடக்கம் இருந்தது. நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த நண்பர் சிலர் ஒருவர் வீட்டிற் கூடித் தம் பாடல்களைத் தாமே படித்து, சொற்சொல்லாக வாதிட்டு வந்தனர். 1922 முதல் 1925 வரை அவர்கள் ஓர் இதழும் நடத்தினர். ரான்சம், டேட், வாரன் ஆகியோர் அக்கூட்டத்தினர். பிற்காலத்தில் வாரன், புரூக்ஸ் என்பாரோடு சேர்ந்து 1938-இல் எழுதிய கவிதைப் பாடநூல் அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் பரவிற்று. நண்பர் குழுவில் வாதமாக இருந்தது பாடநூலில் வினாவாயிற்று. வகுப்பறைகளில் அவ்வினாவே மீண்டும் ஆசிரியரின் விடையாயிற்று என்று யாம் கருதுகின்றோம்.

அண்மைக் காலத்தில் இம்முறையினை மீண்டும் மேசைக்குக் கொணர்ந்தவருள் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்து ஆல் ஃபில்ரைஸ் குறிப்பிடத்தக்கவர். 1995-இல் பிலடெல்பியாவில் தோன்றிய கெல்லி எழுத்தாளர் இல்லத்தில், மாணாக்கரும் ஆசிரியரும் ஒரு பாடலைச் சுற்றி அமர்ந்து உரையாடுவதனையே பாடமாக அமைத்தார். 2012-இல் அவ்வுரையாடல்களைப் படமாக்கி எவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையவழிப் பாடமாக வழங்கியபோது முதலாண்டிலேயே முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். அதில் விரிவுரை இல்லை. ஒருவர் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல, மற்றொருவர் அதனை மறுக்க, மூன்றாமவர் இருவரும் காணாத ஒன்றைக் கூற, பாடல் மெல்ல மெல்லத் திறக்கின்றது. ஆசிரியர் வினவுகின்றார்; முடிந்த முடிபென எதனையும் உரைப்பதில்லை.

தமிழிலும் இதற்குக் களம் இல்லாமற் போகவில்லை. 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் புதுக்கவிதைக்கு இடமளித்ததோடு, படைப்பினைச் சொல்லளவில் பகுத்து நோக்கும் ‘அலசல்’ திறனாய்வினையும் வற்புறுத்திற்று. அம்முறை பல்கலைக் கழகத் தமிழ்த் துறைகளுக்கு வெளியே வளர்ந்தது. துறைகள் அதனைத் தாமதித்தே ஏற்றன. அதற்குரிய காரணங்களை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி எம் குழுவினைப் பற்றிக் கூறுவோம். பாடல் ஒற்றைத் தாளில் பெயரின்றி வழங்கப்படும். இருவர் அதனை உரக்கப் படிப்பர். ஒருவர் படிப்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் உள்ள வேறுபாடே பல வேளைகளில் முதல் ஆராய்ச்சிப் பொருளாகும். பின்னர் ஒவ்வொருவரும் தம்மைத் தடுத்து நிறுத்திய ஒரு சொல்லை மட்டும் கூறுவர். அதன்பின் உரையாடல் தொடங்கும். விதி ஒன்றே: எக்கருத்தினைக் கூறினும் அது பாடலின் எச்சொல்லிலிருந்து பிறந்தது என்று சுட்டுதல் வேண்டும். ஆசிரியர்க்கும் இவ்விதி உண்டு. அதனை யாமே வகுத்தோம். அது எம்மேலேயே பாயும் என்று அன்று எண்ணவில்லை.

மூன்றாம் வாரம் யாம் வழங்கியது வில்லியம்ஸின் சிவப்புக் கைவண்டிப் பாடல். 1923-இல் வெளிவந்த அவர்தம் நூலில் தலைப்பின்றி 22 என்னும் எண்ணை மட்டும் பெற்றிருந்த சிறு பாடல் அது. மொத்தம் பதினாறு சொற்கள், நான்கு ஈரடிகள். ஒவ்வோர் ஈரடியிலும் முதலடியில் மூன்று சொற்கள், இரண்டாமடியில் ஒரு சொல். ஏதோ பெரிதாகிய ஒன்று சார்ந்து நிற்கின்றது என்று தொடங்கி, மழை நனைத்த ஒரு கைவண்டியையும் அதனருகிலுள்ள வெண்கோழிகளையும் காட்டி முடிகின்றது. சார்ந்து நிற்பது யாது, எவர்க்கு என்பன சொல்லப்படவில்லை.

யாப்பிற் பயின்ற மாணாக்கர் முதலில் எண்ணத் தொடங்கினர். இரண்டாமடிகள் நான்கும் இவ்விரண்டு ஒலியசைகள். முதலடிகள் முறையே நான்கு, மூன்று, மூன்று, நான்கு. உரைநடையை மடக்கி எழுதியது போலத் தோன்றும் இதில் இத்துணை அளவொழுங்கு உண்டெனக் கண்டபோது, கட்டற்றது என்று எண்ணி வந்த சிலர் வியந்தனர். அடுத்து ஒரு மாணவியார், கைவண்டியைக் குறிக்கும் தொகைச்சொல்லும் மழைநீரைக் குறிக்கும் தொகைச்சொல்லும் அடியிறுதியில் இரண்டாகப் பிளவுறுவதனைச் சுட்டி, “இது வகையுளி அன்றோ” என்றார். உடனே மற்றொருவர் மறுத்தார். வகையுளியில் சொல் பிளப்பது யாப்பின்பொருட்டு; ஆண்டுப் பொருள் நோக்கிச் சொல்லை மீளச் சேர்த்துக்கொள்கின்றோம். ஈண்டோ பிளவினாலேயே சக்கரம் ஒரு கணம் தனியே தெரிகின்றது. மழை தனியே தெரிகின்றது. பின்னரே அவை வண்டியாகவும் நீராகவும் ஆகின்றன. பிளவு பார்வையை மெதுவாக்குகின்றது என்றார் அவர். வகையுளி என்னும் இலக்கணச் சொல் ஓர் அமெரிக்கப் பாடலை விளக்க உதவியதும், அப்பாடல் வகையுளியை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்ததும் யாம் எதிர்பாராதவை.

பின்னர் ஒருவர் பாடலைத் தமிழாக்க முயன்றார். ஆங்கிலத்தில் முதற்கண் நிற்கும் வினை, தமிழில் இயல்பாக இறுதிக்குச் செல்கின்றது. ஈற்றில் நின்ற கோழிகள் முன்னே வருகின்றன. பாடல் முற்றிலும் தலைகீழாயிற்று. மூலத்தில் பெரிய கூற்று முன்னே நிற்க, அதனைத் தாங்க வந்தவை ஒவ்வொன்றும் முன்னதினும் எளியனவாக வருகின்றமையால் எழும் வியப்பு, தமிழில் பெரிய கூற்று முடிவுரை போல் வந்து அமர்கையில் அழிந்துவிடுகின்றது. ‘சார்ந்து’ என்பதா, ‘பொறுத்து’ என்பதா என்ற வாதம் அரைமணி நேரம் நீண்டது, முடிவு காணவில்லை.

இவ்வளவிலும் ஒரு மாணவர் வாய் திறக்கவில்லை. முந்தைய இரு வாரங்களிலும் அவர் பேசியதில்லை. களவியல் உரையின் வரலாற்றில், புலவர் பலரும் உரைத்த உரைகளைப் பேசமாட்டாத சிறுவனாகிய உருத்திரசன்மன் கேட்டிருந்து, நக்கீரர் உரைத்தவிடத்துப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்தான் என்னும் செய்தியை அறிவோம். கேட்டிருப்போனும் பயில்கின்றான் என்பதற்கு அதனினும் நல்ல சான்று இல்லை. அன்று எம் மாணவர், வண்டியைத் தெருவிற் காய்கறி விற்கும் நாற்சக்கரத் தள்ளுவண்டியாகப் பிறர் எண்ணிப் பேசுவது கேட்டுப் பொறாது பேசினார். தம் தந்தையார் கொத்தனார் என்றும், இஃது அவரோடு வேலை செய்வோர் மணலும் கலவையும் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி என்றும் கூறினார். முன்னே ஒரு சக்கரம், பின்னே இரு பிடிகள், இரு கால்கள். கைவிட்டால் தானே நிற்கும். எடுத்தால் தள்ளுவோன் தன் உடம்பினால் நிறுத்தல் வேண்டும். “வேலை நடக்கும்போது இதன்மேல் இப்படி மழைநீர் மெருகு போல் நிற்காது, ஐயா. மழைக்கு வேலை நின்றுபோயிருக்கிறது. அன்றைக்குக் கூலி இல்லை,” என்றார்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. வண்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் என்றும் அவர் சொன்னார். துரு ஏறாதிருக்க அவ்வாறு செய்வது வழக்கமாம். எச்சொல் அதனைக் கூறுகின்றது என்று ஒருவர் வினவ, எச்சொல்லும் இல்லை என்று உடன்பட்டு அதனை அவரே கைவிட்டார். ஆனால் நின்றுபோன வேலை என்னும் கருத்தினை ஒருவராலும் தள்ள இயலவில்லை. அது வரையில் அழகிய வண்ணக் காட்சியாகவே படித்த பாடலில், சார்ந்து வாழும் ஒருவர் இருத்தல் கூடும் என்பது புலனாயிற்று.

இந்நிலையில் யாம் வாய் திறந்தோம். வில்லியம்ஸ் ஒரு மருத்துவர் என்றும், நோயுற்ற குழந்தையொன்றின் படுக்கையருகே கவலையோடு அமர்ந்திருந்து சாளரத்தின் வழியே இவ்வண்டியைக் கண்டு பாடினார் என்றும், ஆகலின் சார்ந்து நிற்பது அக்குழந்தையின் உயிர் என்றும் கூறினோம். இதனைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வகுப்பிற் கூறி வந்துள்ளோம். எமக்கும் எம் ஆசிரியர் ஒருவர் கூறியதே. அப்போது வகையுளி பற்றிப் பேசிய மாணவியார் பணிவோடு, “அது எந்தச் சொல்லில் இருக்கிறது, ஐயா?” என்று வினவினார்.

எச்சொல்லிலும் இல்லை. விடை கூறாது அன்று கூட்டத்தை முடித்தோம். பின்னர்த் தேடிப் பார்த்தபோது, வில்லியம்ஸ் கூறியதிலும் அஃது இல்லை எனக் கண்டோம். 1954-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, அப்பாடல் மார்ஷல் என்னும் முதிய கறுப்பினத்தவர் ஒருவர்பால் கொண்ட அன்பினாற் பிறந்தது. முன்னாளில் கடும் பனிக்குளிரில் மீன்தொழில் செய்தவர் அவர். வண்டியும் கோழிகளும் அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்தவை. 2015-இல் கவிஞரும் திறனாய்வாளருமாகிய வில்லியம் லோகன் அவரைத் தேடி, வில்லியம்ஸ் வாழ்ந்த ரதர்ஃபோர்ட் ஊரினராகிய தேடியஸ் மார்ஷல் என்னும் தெருவணிகர் என்று நிறுவினார். பெயர்க்கல் இல்லாதிருந்த அவர் புதைகுழிக்கு அவ்வாண்டே கல் நாட்டப்பட்டது. குழந்தையின் கதைக்கு யாம் கண்டவரையில் ஆதாரம் இல்லை. உழைத்து வாழ்ந்த ஒருவர்க்கு உண்டு. நூலறிவு மிக்க யாம் கூறியதனினும், கொத்தனார் மகன் ஒற்றைச் சொல்லிலிருந்து உய்த்துணர்ந்தது மெய்க்கு அணித்தாயிருந்தது.

இதனைக் கொண்டு குழுவின் தீர்ப்பு எப்போதும் சரியாகும் என்று கூற யாம் துணியோம். கூடிப் படித்தலுக்கும் குறைகள் உண்டு. விரைந்து பேசுவோர் இருவர் இருப்பின் ஏனையோர் அவர்கள் வழியே சென்றுவிடுகின்றனர். பின்னொரு வாரம் எலியட்டின் பாடலொன்றைப் படித்தபோது எழுவர் ஒரு பொருளில் உடன்பட்டனர்; ஓர் எளிய ஆங்கில வழக்குத் தொடரை எழுவரும் ஒருங்கே பிறழக் கொண்டமையே அவ்வுடன்பாட்டிற்குக் காரணம். ஒரே வகைப் பள்ளியில் ஒரே வகைப் பயிற்சி பெற்றோர் கூடின் அறியாமையும் கூடுகின்றது. மார்ஷலைப் பற்றிய செய்தியும் பாடலுக்கு வெளியே தேடிப் பெற்றதே. சொல்லை மட்டும் பற்றி நிற்போம் என்பார்க்கு அது கிட்டியிராது. ஆகலின் முதலிற் சொல், பின்னர்ச் செய்தி என்னும் முறைவைப்பினையே யாம் கொண்டுள்ளோம். செய்தியை முன்வைத்திருப்பின் அம்மாணவர் பேசியிருக்கமாட்டார்.

தீராது நிற்பது தேர்வு. ஒன்பதின்மர் கூடிக் கண்டதனை ஒருவர் தாளில் எழுதுங்கால் எவர்க்கு மதிப்பெண் இடுவது? இப்போது படித்திராத ஒரு சிறு பாடலை வினாத்தாளிலேயே அச்சிட்டு, ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு எழுதுமாறு கேட்கின்றோம். எழுதுவோர் இடர்ப்படுகின்றனர், திருத்துவோர் அதனினும் மிகுதியாக இடர்ப்படுகின்றனர். சிவப்புக் கைவண்டிப் பாடலைப் பற்றிய எம் பழைய குறிப்பினை விலக்கிவிட்டோம். எனினும் அதன் படிகள் மாணாக்கரிடையே கைமாறி வருகின்றன போலும். சென்ற பருவத் தேர்வில் இரு விடைத்தாள்களில் நோயுற்ற அக்குழந்தை மீண்டும் வந்திருந்தது.